சரக்கும் சாட்சிக் காகிதமும்

நம் சங்கக் கூட்டங்களில் தறியைப் பற்றிப் பேசுகிறோம். நூல் விலையைப் பற்றிப் பேசுகிறோம். சாயத்தைப் பற்றியும், மழையைப் பற்றியும், மஞ்சள் விலையின் ஏற்ற இறக்கத்தைப் பற்றியும் பேசுகிறோம். காகிதத்தைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. அது காரியதரிசியின் வேலை, அல்லது துறைமுகத்து ஏஜெண்டின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். அயல்நாட்டுக்குச் சரக்கு அனுப்பத் துணிந்த ஒரு சங்கத்துக்கு, நூலைப் போலவே காகிதமும் ஒரு மூலப்பொருள் என்பது என் கருத்து. நூலையும் சாயத்தையும் கூட்டாக வாங்கக் கற்றுக்கொண்ட நாம், இந்தக் காகித வேலையையும் கூட்டாகச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்கு வேலையில் நான் உதவியாக இருந்தேன். வளைகுடா நாட்டு வியாபாரி ஒருவர் படுக்கை விரிப்புகளுக்கும் துண்டுகளுக்கும் ஆர்டர் கொடுத்திருந்தார். எல்.சி. எனப்படும் பாங்கி உறுதிக் கடிதமும் வந்து சேர்ந்தது. அதில் ஒரு நிபந்தனை: விலைப்பட்டியலும் பிறப்பிடச் சான்றும் வர்த்தக சபையால் உறுதி செய்யப்பட்டு, அந்நாட்டுத் தூதரகத்தாலும் உறுதி செய்யப்பட்டிருத்தல் வேண்டும். காரியதரிசி நேர்மையானவர், உழைப்பாளி. ஆனால் அந்த வரியை அவர் ஊன்றிப் படிக்கவில்லை. உள்ளூர் நோட்டரி வக்கீலிடம் சென்று இரு பத்திரங்களிலும் முத்திரை பெற்றுக்கொண்டார். முத்திரை என்றால் எல்லாம் முத்திரைதானே என்று எண்ணிவிட்டார். நானும் அருகில்தான் இருந்தேன். எனக்கும் அது தோன்றவில்லை.

தூத்துக்குடியில் சரக்கு கப்பலேறிவிட்டது. பத்திரங்களைப் பார்த்த பாங்கி, நிபந்தனைப்படி இல்லை என்று திருப்பிவிட்டது. அதன் பிறகு வர்த்தக சபைக்கு ஓடினோம், அங்கிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் உறுதிக்கு அனுப்பினோம், பிறகு தூதரகத்துக்கு. ஒவ்வோர் இடத்திலும் சில நாட்கள். இதற்கிடையில் எல்.சி.யின் கெடு கடந்துவிட்டது. அக்கரைத் துறைமுகத்தில் சரக்கு வாடகை ஏறிக்கொண்டே கிடந்தது. கடைசியில் வியாபாரி சரக்கை எடுத்துக்கொண்டார். ஆனால் விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டுதான் எடுத்தார். பொங்கலுக்கு முன் தருவதாகச் சொன்ன கூலிப் பாக்கி மாசி மாதத்தில்தான் அங்கத்தினர் கைக்கு வந்தது. அன்று கூலி வாங்க வந்த முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, நாங்கள் நெய்ததில் குறையா, நீங்கள் எழுதியதில் குறையா?" என்று கேட்டார். அதற்கு ஒரே விடைதான் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

வியாபாரிகள் 'அட்டெஸ்டேஷன்' என்று வழங்கும் இந்தச் சான்றுறுதி என்பது யாது? ஓர் ஊரில் எழுதிய பத்திரம் வேற்று நாட்டுக்குச் செல்லும்போது, "இதில் கையெழுத்திட்டவர் யார்? இந்த முத்திரை உண்மையானதா?" என்று அங்குள்ளவர்கள் ஐயுறுவது இயல்பு. நம் சங்கத்தின் காரியதரிசியை அயல்நாட்டுச் சுங்க அதிகாரி எங்ஙனம் அறிவார்? அறிந்தவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். சங்கத்தின் கையெழுத்தை வர்த்தக சபை அறியும். சபையின் கையெழுத்தை நம் வெளியுறவு அமைச்சகம் அறியும். அமைச்சகத்தின் கையெழுத்தை அயல்நாட்டுத் தூதரகம் அறியும். தூதரகத்தின் கையெழுத்தை அந்நாட்டு அரசாங்கம் அறியும். இவ்வாறு அறிந்தவரிடமிருந்து அறிந்தவருக்குப் பத்திரம் கைமாறிச் செல்வதுதான் சான்றுறுதி. இடையில் ஒருவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனால் அவர் ஏற்கமாட்டார். எங்கள் நோட்டரி முத்திரை பயன்படாமற் போனதற்குக் காரணம் இதுதான். முத்திரை பொய்யன்று, எல்.சி. கேட்ட சாட்சியின் முத்திரை அதுவன்று.

இந்த வரிசையைச் சுருக்குவதற்காகவே 1961-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதில் சேர்ந்த நாடுகளுக்குள், பத்திரம் பிறந்த நாட்டின் உரிய அதிகாரி 'அபோஸ்டில்' என்னும் ஒரே சான்றை இணைத்துவிட்டால் போதும். தூதரகத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. அச்சான்று பக்கம் 9 சென்டிமீட்டருக்குக் குறையாத ஒரு சதுரம். அதில் எண்ணிட்ட 10 விவரங்கள் இருக்கும். கையெழுத்திட்டவர் யார், எந்தப் பதவியில் இட்டார், முத்திரை யாருடையது என்பவற்றை அது உறுதி செய்யும். இந்தியாவுக்கு இவ்வுடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் செல்லுபடியாகிறது. இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உள்ளன. நம் நாட்டில் அபோஸ்டில் வழங்குவது வெளியுறவு அமைச்சகம். கட்டணம் பத்திரம் ஒன்றுக்கு 50 ரூபாய். அமைச்சகம் நியமித்துள்ள சேவை நிறுவனங்களின் கூலி தனி. வணிகப் பத்திரமாயின் முதலில் வர்த்தக சபையின் உறுதி பெற்றிருத்தல் வேண்டும். 2019 முதல் சென்னை உட்பட நாட்டின் பல நகரங்களில் இவ்வேலை நடைபெறுவதால், எல்லாவற்றுக்கும் டில்லியையே நம்பியிருக்க வேண்டிய நிலை மாறிவிட்டது.

ஆயினும் 'அபோஸ்டில்' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டதோடு நம் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. மூன்று செய்திகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எல்லா நாடுகளும் இதில் சேரவில்லை. நம் துணியும் மஞ்சளும் மிகுதியாகச் செல்லும் வளைகுடாப் பகுதியிலேயே வேற்றுமை உண்டு. ஓமான் 2012-லும், பஹ்ரைன் 2013-லும், சவூதி அரேபியா 2022-லும் உடன்படிக்கைக்குள் வந்தன. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவற்றுக்குத் தூதரக வழியே வழியாக இருந்து வருகிறது. கனடா 2024 ஜனவரியிலும் வங்காள தேசம் 2025 மார்ச்சிலும் புதிதாக வந்தன. சேர்ந்த நாடுகளுக்குள்ளும் ஒன்று மற்றொன்றின் சேர்க்கைக்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம். தெரிவித்தால் அவ்விரண்டுக்கும் இடையே உடன்படிக்கை செல்லாது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி அவ்வாறு ஆட்சேபித்தது. கரூர்ப் பகுதியின் வீட்டுத் துணிகளை வாங்கும் நாடு அது என்பதை மறக்கலாகாது. ஆகையால் சென்ற ஆண்டு அனுப்பிய முறையையே இந்த ஆண்டும் பின்பற்றாமல், ஒவ்வோர் ஆர்டரின்போதும் ஹேக் மாநாட்டு அமைப்பின் அட்டவணையைப் பார்த்துத் தெளிதல் வேண்டும்.

இரண்டாவது, வியாபாரத்தையும் சுங்கத்தையும் நேரடியாகப் பற்றிய நிர்வாகப் பத்திரங்களுக்கு இவ்வுடன்படிக்கை பொருந்தாது என்று அதன் முதல் விதியே கூறுகிறது. அதிகாரப் பத்திரம், சங்கப் பதிவுச் சான்று, நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் நோட்டரி நகல் போன்றவற்றுக்கு அபோஸ்டில் நேரான வழி. பிறப்பிடச் சான்று முதலியவற்றிலோ நாட்டுக்கு நாடு வழக்கம் வேறுபடும். எனவே "எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை" என்று விளம்பரம் செய்யும் ஏஜெண்டுகளின் பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது. வாங்குபவரிடமே எழுத்தில் கேட்டுவிடுவது நலம்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. அபோஸ்டிலாயினும் தூதரக முத்திரையாயினும், அது கையெழுத்துக்குச் சாட்சியே தவிர, எழுதிய செய்திக்குச் சாட்சியன்று. விசைத்தறித் துணியைக் கைத்தறித் துணி என்று நாம் எழுதிக் கொடுத்தால், அந்தப் பொய்யின்மேலும் எல்லா முத்திரைகளும் ஒழுங்காக விழும். பொய் வெளிப்படும் நாளில் தூதரகம் பதில் சொல்லாது. கையெழுத்திட்ட சங்கந்தான் பதில் சொல்ல வேண்டும். முத்திரை மிகுந்தால் நம் பொறுப்புக் குறையும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனிப் பணத்தின் பக்கம் வருவோம். எல்.சி. வியாபாரத்தில் பாங்கிகள் பின்பற்றும் சர்வதேச விதித்தொகுப்பு யு.சி.பி. 600 என்பது; 2007 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பாங்கிகள் பத்திரங்களைப் பார்க்குமே தவிரச் சரக்கைப் பார்க்கமாட்டா என்பது அதன் அடிப்படை. நம் விரிப்பு எத்துணை அழுத்தமாக நெய்யப்பட்டிருந்தாலும், சாயம் எத்துணை உறுதியாக நின்றாலும், பாங்கி மேசையில் அதற்கு மதிப்பில்லை. மூலக் கப்பல் பத்திரம் சேர்ந்த கட்டு, சரக்கு கப்பலேறிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் சேர வேண்டும், அதுவும் எல்.சி.யின் காலம் முடியுமுன் சேர வேண்டும். அதைப் பரிசீலிக்கப் பாங்கிக்கு 5 வேலை நாட்கள் வரை உண்டு. சபை, அமைச்சகம், தூதரகம் என்று மூன்று வாயில்களைக் கடக்க வேண்டிய பத்திரத்துக்கு 21 நாட்கள் எம்மாத்திரம்? இடையில் இரண்டு விடுமுறைகள் வந்தால் கெடு போயிற்று. குயவனுக்குப் பல நாள் வேலை, தடிகாரனுக்கு ஒரு நாழிகை வேலை என்பார்கள். பல மாதம் நெய்த சரக்கின் பலனை ஒரு வரித் தவறு உடைத்துவிடுகிறது.

இவ்விடத்தில் நம் விவசாய அங்கத்தினர்கள் அறிந்த ஒன்றை நெசவாள அங்கத்தினர்களுக்கு நினைவூட்டுகிறேன். மஞ்சளோ மாம்பழமோ அயல்நாடு செல்லும்போது, பூச்சியும் நோயும் இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்று ஒன்று உடன் செல்கிறது. மத்திய அரசின் தாவரப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் சரக்கைச் சோதித்து அதை வழங்குகிறார்கள். அதற்குத் தூதரக முத்திரை வரிசை வேண்டுவதில்லை. காரணம் என்ன? 1951-ஆம் ஆண்டின் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, சான்றின் வாசகம் இன்னது, அதில் கையெழுத்திடுபவர் இன்னார் என்று நாடுகள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கின்றன. முன்னரே அறிமுகமானவர்களுக்குப் புதிய சாட்சி தேவையில்லை. அறிமுகம் இல்லாதவருக்குத்தான் முத்திரைக்கு மேல் முத்திரை தேவைப்படுகிறது. நம் சங்கங்கள் செய்ய வேண்டியதும் இதுவே: சரக்கு கப்பலேறிய பின் சாட்சி தேடி ஓடாமல், முன்னரே அறிமுகமாகியிருக்க வேண்டும்.

இதை ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே செய்ய இயலுமா? இயலாது என்பதே என் அனுபவம். ஆண்டுக்கு இரண்டு ஆர்டர் பெறும் சங்கம் இதற்கென்று ஓர் எழுத்தரை வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஏஜெண்டை நாடுகிறது. ஏஜெண்டுகள் அனைவரும் தீயவர் என்று நான் கூறவில்லை. நேர்மையாக உழைப்பவர் பலர் உண்டு. ஆனால் 50 ரூபாய்க் கட்டணத்தையும் அவருடைய கூலியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத சங்கம், அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறது. பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம், அறிவு நம்மிடம் தங்காமற் போவது. பத்து ஆண்டுகள் ஏற்றுமதி செய்த பின்னும், பதினோராம் ஆண்டில் அதே ஏஜெண்டின் வாசலில் அதே கேள்வியோடு நிற்கிறோம்.

ஆதலின் மாவட்டந்தோறும், நெசவாளர் சங்கங்களும் விளைபொருள் சங்கங்களும் சேர்ந்து ஒரு பொதுப் பத்திர நிலையம் ஏற்படுத்த வேண்டும் என்று யோசனை கூறுகிறேன். ஓர் அறை, பயிற்சி பெற்ற இரண்டு எழுத்தர்கள், ஒரு கணிப்பொறி, இவ்வளவு போதும். செலவை அனுப்பும் சரக்கின் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ளலாம். அந்நிலையம் செய்ய வேண்டிய வேலைகள் இவை:

எல்.சி. வந்தவுடன், நூலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே, அதை வரிவரியாகப் படிக்க வேண்டும். எந்தப் பத்திரத்துக்கு யாருடைய உறுதி, எத்தனை மூலப் பிரதிகள், கட்டணம் யார் பொறுப்பு என்பவற்றை எழுதி வாங்க வேண்டும். "சட்டபூர்வமாக உறுதி செய்யப்பட்ட" என்று மட்டும் எழுதி, எவரால் என்று சொல்லாத வாசகத்தை மாற்றித் தரும்படி அப்போதே கேட்டுவிட வேண்டும். நிறைவேற்ற இயலாத நிபந்தனையைத் தறி ஓடுமுன் மாற்றுவது எளிது. கப்பல் போன பின் மாற்றுவது அரிது.

சங்கத்தின் பெயர் பதிவுச் சான்றிலும், ஏற்றுமதிக் குறியீட்டுச் சான்றிலும், பாங்கிக் கணக்கிலும், விலைப்பட்டியலிலும் ஓர் எழுத்தும் மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் ஊர்ப்பெயர் முன்னும், மற்றோரிடத்தில் பின்னும் வருவது நமக்கு அற்பம். அயல்நாட்டு அதிகாரிக்கு அவை இரண்டு சங்கங்கள்.

நம் துணைவிதிகளும் தீர்மானப் புத்தகங்களும் தமிழில் உள்ளன. அது நமக்குப் பெருமை, அப்படியே இருக்கட்டும். ஆனால் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியோடு ஒருமுறை செம்மையாகத் தயாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்டர் வந்த அவசரத்தில் செய்யும் மொழிபெயர்ப்பில் தலைவர் காரியதரிசியாவார், காரியதரிசி கணக்கராவார்.

கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் யார் என்பதைத் தீர்மானத்தால் நிச்சயித்து, அவருடைய கையெழுத்து மாதிரியை வர்த்தக சபையில் முன்னரே கொடுத்து வைக்க வேண்டும். தேர்தலுக்குப் பின் நிர்வாகம் மாறினால் அன்றே புதிய மாதிரி செல்ல வேண்டும். பழைய தலைவரின் கையெழுத்தோடு புதிய தலைவரின் பத்திரம் போனால் முதல் வாயிலிலேயே நின்றுவிடும்.

சலுகைகளையும் அந்நிலையம் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்துடன் நம் நாடு செய்துகொண்ட ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி சுங்கச் சலுகை பெற வேறு வகைப் பிறப்பிடச் சான்று தேவை. சாதாரணச் சான்றை அனுப்பிவிட்டுச் சலுகையை இழக்கும் சங்கம் தன் விலைப் போட்டியைத் தானே தோற்கிறது.

சிலர், "2023-இல் தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் ஏற்பட்டிருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்கலாம். அது வரவேற்கத்தக்க அமைப்பே. பெரிய சரக்கைத் திரட்டி அனுப்ப அது பயன்படும். ஆனால் ஒரு சங்கம் நூறு ஜமக்காளம் அனுப்பும்போது அதன் பெயரும், அதன் கையெழுத்தும், அதன் துணைவிதியுந்தான் செல்லவேண்டும். வீட்டுக் கணக்கைப் பக்கத்து வீட்டார் எழுத முடியாது. தேசிய நிறுவனத்தின் வழியாக அனுப்பினாலும், அடிப்படைப் பத்திரங்கள் நம்மிடம் செம்மையாக இருந்தால்தான் அதுவும் விரைந்து செயற்பட இயலும்.

அரசினரிடமும் நாம் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. 1923-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, பிறப்பிடச் சான்று வழங்கும் அதிகாரத்தைத் தகுதியும் நம்பிக்கையும் உடைய அமைப்புகளுக்கு அரசுகள் அளிக்க இடம் தந்தது. வர்த்தக சபைகள் அவ்வதிகாரத்தைப் பெற்றது அந்த மரபினாலேயே. நம் நாட்டில் எந்தெந்த அமைப்புகள் சான்று வழங்கலாம் என்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் பட்டியல் வெளியிட்டு வருகிறது. துணி எங்கே நெய்யப்பட்டது என்பதைத் தறியருகே இருக்கும் கூட்டுறவு இணையத்தைவிட நன்கறிந்தவர் யார்? தக்க சோதனை முறைகளோடு நம் இணையம் ஒன்று அப்பட்டியலில் இடம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்; அரசு அதனை ஆதரிக்க வேண்டும். அடுத்து, சங்கப் பதிவுச் சான்றில் கையெழுத்திடும் துறை அதிகாரிகளின் கையெழுத்து மாதிரிகள், அவர்கள் மாற்றலாகி வரும்போதெல்லாம், உறுதி செய்யும் அலுவலகங்களுக்குத் தாமதமின்றிச் சென்று சேர ஏற்பாடு வேண்டும். அதிகாரி மாறியதற்காக நெசவாளி கூலிக்குக் காத்திருப்பது நியாயமன்று.

இக்காரியத்தில் அங்கத்தினருக்கும் பங்குண்டு. பொதுக்குழுக் கூட்டத்தில் நூல் எவ்வளவு வந்தது, துணி எவ்வளவு போனது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "எந்தச் சரக்கின் பத்திரம் திரும்பி வந்தது? ஏன் வந்தது?" என்றும் கேளுங்கள். கேட்கிற அங்கத்தினர் இருக்கும் சங்கத்தில் படிக்கிற காரியதரிசி உண்டாவார்.

அந்த முதியவரின் கேள்விக்கு அன்று நான் விடை கூறவில்லை. நெய்ததில் குறையில்லை ஐயா, எழுதியதில்தான் குறை. ஒரு மாவட்டத்திலேனும் இவ்வாண்டில் அத்தகைய பொது நிலையம் ஒன்று தொடங்கப்படுமாயின், அடுத்த பொங்கலில் அவர் போன்றவர்கள் கூலிக்காக மாசி வரையில் காத்திருக்க நேராது.